பன்றித்தலைப் போத்தல்

கடல் தாண்டி வந்து குடியேறிய கோல்டிங் நகரத்தில் மே மாதத்து மாலை வெயில், போக மனமில்லாமல் கண்ணாடி அலுமாரிக்குள் விழுந்து கிடக்கிறது. ஊரில் சண்டை முடிந்துவிட்டது. கடைசி நாட்களில் செத்துப்போன, தவமணியின் தம்பி கோணேசனுக்கு இன்றைக்கு எட்டுச் செலவு; செத்தவர் விரும்பித் தின்றதையும் குடித்ததையும் படைக்கிற எட்டாம் நாள். அவன் படத்துக்கு முன்னால் புட்டும் மீன் பொரியலும் கோழிக்கறியும் படைத்துவிட்டு, தவமணி அலுமாரியைத் திறக்கிறாள். மஞ்சள் லேபலில் பன்றித்தலை போட்ட கோர்டன்ஸ் ஜின். "இருநூறு வருசத்து லண்டன் சரக்கு, துரைமார் குடிச்சது. நாடு கிடைக்கிற அண்டைக்குத்தான் உடைப்பன்" என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் புருசன் தேவராசா தூக்கிக் காட்டிய போத்தல். "என்னை எப்பிடியாவது வெளியில எடுத்துவிடுங்கோ அத்தான்" என்று கோணேசன் போனில் அழுத அன்றைக்கும் இதைத் தடவிக்கொண்டுதான் அவர் சொன்னார்: "எல்லாரும் வெளிக்கிட்டா ஆர் நிண்டு அடிபடுறது?" அவள் திருகிய திருகில் மூடி நெரிபட்டுத் திறக்கிறது. பைன் மரத்தை வெட்டியதுபோல ஒரு வாசம் கோழிக்கறி வாசத்தை அமுக்கிக்கொண்டு எழும்புகிறது. போத்தலை அவர் கையில் திணிக்கிறாள்.

"ஊத்துங்கோ."

தேவராசா படத்துக்கு முன்னால் வைத்த கிளாசுக்கு மேல் போத்தலைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

"அவன் குடிக்கத் தெரியாதவனெல்லோ, தவம்."

"ஓம். சண்டை பிடிக்கவும் தெரியாதவன்தான். ஊத்துங்கோ."