இரண்டு விரற்கடை

“நடக்க முடியாதவங்களுக்கு ஒண்ணுக்கே வராதா, டாக்டர்?”

பல் பிடுங்க வந்த ஒரு சிறுமி, கிளினிக்கின் குறுகலான கழிவறைக் கதவைக் காட்டி எப்போதோ கேட்ட கேள்வி இது. “வாயை நல்லாத் திற பாப்பா” என்று சொல்லி டாக்டர் தப்பித்துக்கொண்டார்.

இன்று அதே கதவின் முன் சக்கர நாற்காலியில் இருந்தவருக்குத் தப்பிக்க வழியில்லை. அவசரமோ முட்டிக்கொண்டு வந்தது. கதவோ நாற்காலியைவிட இரண்டு விரற்கடை குறுகல்.

மாற்றுத்திறனாளிகள் ஒரு கட்டடத்தில் எவ்வளவு சுலபமாகப் புழங்கலாம் என்று பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் பெண், எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“வாசல் சாய்தளம் சரி. ஒரு நட்சத்திரம். லிஃப்ட் பொத்தான் எட்டிச்சா சார்?”

“எங்க எட்டுச்சும்மா! டூத்பிரஷ்ஷால குத்திட்டு வந்தேன்.”

“அப்ப அதுக்குக் கிடையாது. கதவு?”

அவர் பின்னால் போனார். திருப்பத் தெரியாமல் பூந்தொட்டியில் இடித்தார். வேகமெடுத்து வந்து மறுபடி மோதினார். கதவு நிலையில் விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

பெஞ்சில் இருந்தவள் உதவிக்கு எழுந்திருக்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண்ணோ, ஈவு இரக்கமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிப்பா இருக்கா உனக்கு? எந்தப் புண்ணியவான் இப்படிக் கதவு வெச்சான்?”

“பேரைச் சொன்னா என் வேலை போயிடும் சார்!”

“கடவுளே, இனி தாங்காது.” அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “இந்த மாதிரி நேரத்துல என்னதான்மா பண்றது?”

பெஞ்சில் இருந்தவள் பேனாவை மூடினாள். “வெளியே கிளம்பற அன்னைக்கு நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம் சார்.”

அவர் நசுங்கிய விரலை ஊதுவதை நிறுத்தினார். மேசைப் பெண்ணின் சிரிப்பும் நின்றது.

“சரி, போதும்” என்று பெஞ்சில் இருந்தவள்தான் இப்போது சிரித்தாள். “உட்கார்ந்தபடியே சுத்திக் காட்டறேன்னு சவால் விட்டீங்க, தோத்தாச்சு. எழுந்து ஓடுங்க டாக்டர். என் வண்டியை மட்டும் இந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டுப் போங்க!”

வண்டியை அவளருகே தள்ளிவிட்டு, “நாளைக்கே இடிக்கிறேன்மா!” என்று கத்திக்கொண்டே அவர் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டார்.

யாருமில்லாத அந்தச் சின்ன அறையில், பாக்கி வைத்திருந்த பதிலைச் சுவரைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

“வரும் பாப்பா. எல்லாருக்கும் வரும்.”