பாயை எடுத்த கை

"வெயில் ஏறுது. இன்னும் எவ்வளவு நேரம் என் தம்பியைக் காய வைக்கப் போறீங்க?"

எசேதா கணவனிடம்தான் கேட்டாள். மரேகோ தூணில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமோவாத் தீவுகளில் வீட்டுக்குச் சுவர் கிடையாது. வாசலைப் பார்க்கப் பிடிக்காதவன் தரையைத்தான் பார்க்க வேண்டும்.

வாசல் புல்வெளியில் எசேதாவின் பிறந்த வீட்டார் விடியும் முன்பே வந்து மண்டியிட்டிருந்தார்கள். முன்னால் அவள் தம்பி விலியாமு, பக்கத்தில் வயதான அப்பா. இருவர் தலையையும் மூடிக் கிடந்தது அவர்கள் குடும்பத்துச் சடங்குப் பாய். எதிரில் விறகுக்கட்டும் கல்லும். மன்னிக்க மனமில்லையென்றால் எங்களை அடுப்பில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இழப்பைச் சந்தித்த வீட்டின் மூத்தவன் போய்ப் பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் தலைமுறைக்கும் பகை.

போன வாரம் கடற்கரைச் சாலையில் பிக்கப் வண்டி தென்னை மரத்தில் மோதியது. அதில் இருந்தவர்கள் மரேகோ, அவன் தம்பி பெனி, மச்சினன் விலியாமு. பெனி அந்த இடத்திலேயே போய்விட்டான். "குடிச்சிருந்தேன், நான்தான் ஓட்டினேன்" என்று விலியாமு போலீசில் ஒத்துக்கொண்டு, ஜாமீனில் வந்திருந்தான்.

"எடுத்துப் பாரேன்," என்றாள் மரேகோவின் அம்மா மெரிபா. அழுது அழுது குரலே போயிருந்தது. "அப்புறம் அந்தக் கையால எனக்கு ஒரு துண்டு கிழங்குகூட நீட்டாதே. பட்டினி கிடந்து சாகறேன்."

"அத்தை, கோர்ட்டுல ஜட்ஜ் முதல்ல இதைத்தான் கேப்பார், வீட்டுக்காரங்க மன்னிச்சாங்களான்னு. மன்னிச்சா தண்டனை குறையும். இல்லேன்னா அவன் வாலிபமே ஜெயில்ல போயிடும்."

"போகட்டுமே! ஜெயில்லயாவது உசிரோட இருப்பான். என் பிள்ளை எங்கடி இருக்கான்?"

பெனிக்குச் சோறு போட்டு வளர்த்தவள்தான் எசேதாவும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போய் எடுக்கலேன்னா நானும் அந்தப் பாய்க்குள்ள போய் உக்காந்துடுவேன். அவங்க எழுந்து போறப்போ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவங்களோடயே போயிடுவேன். அப்புறம் இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

"கேட்டியாடா?" என்றாள் மெரிபா. "சாவு நம்ம வீட்டுல. மிரட்டல் மட்டும் அவங்க வீட்டுலேர்ந்து."

பாயை எடுத்தால் அம்மா இல்லை, எடுக்காவிட்டால் பெண்டாட்டி இல்லை. ஊரே வேடிக்கை பார்க்க, நடுவில் உட்கார்ந்திருப்பவன் பாவம் என்ன செய்வான்? மரேகோ மெதுவாக அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அம்மா... அன்னைக்கு அந்த வண்டியில..."

"வண்டிப் பேச்சை எடுக்காதே!" மெரிபா காதைப் பொத்திக்கொண்டாள். "அதுல நீயும் இருந்தேங்கிறதை நெனச்சாலே மூச்சு நிக்குது. கர்த்தர் உன்னையாவது விட்டு வெச்சார். நீயும் இல்லாம போனா நான் யாருக்காகடா உசிரோட இருக்கணும்?"

அவன் மறுபடியும் தரையைப் பார்த்தான்.

எதிர் வீட்டிலிருந்து ஊர்த் தலைவரின் குரல் வந்தது. "ஏய் மரேகோ! அந்தப் பெரியவர் பாய்க்கடியிலயே மண்டையைப் போட்டார்னா, அப்புறம் நாம ஒரு பாயைத் தூக்கிக்கிட்டு அவங்க வாசல்ல போய் உக்காரணும்டா! எதுவானாலும் சீக்கிரம் முடிவு பண்ணு!"

இரண்டு பேர் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டு அடங்கினார்கள்.

அப்போது பாய் குலுங்கியது. எசேதாவின் அப்பாதான் இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

"இதுக்கு மேல என்னால பார்க்க முடியாது," என்று எசேதா எழுந்தாள். "ஒரு மனுஷனை மன்னிக்க இவ்வளவு யோசனையா? வேணும்னு செஞ்சானா அவன்? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"உக்காரு," என்றான் மரேகோ. "நான் போறேன்."

"போகாதேடா!" என்று மெரிபா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து, அந்தக் கைகளை மெல்ல விலக்கிவிட்டு இறங்கி நடந்தான். புல்வெளியைக் கடப்பதற்குள் இரண்டு முறை நின்றான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

பாயை எடுத்தான்.

"பெரிய மனசுப்பா உனக்கு!" கிழவர் அவன் கால்களைத் தொட்டார். "வேற ஒருத்தனா இருந்தா வெட்டிப் போட்டிருப்பான்." எசேதா ஓடிவந்து அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப் போனாள். யாரோ தோத்திரப் பாட்டை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற மெரிபா, "செத்துப்போன இவன் அப்பா மாதிரியே இளகின மனசு. என்ன பண்றது?" என்று விசும்பினாள்.

மரேகோ அப்படியே மண்டியிட்டு விலியாமுவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். செத்த தம்பியை நினைத்து அழுகிறான் என்று பார்த்தவர்களுக்கும் கண் கலங்கியது.

விலியாமு அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, காதருகே மெதுவாகச் சொன்னான்: "அழாதீங்க மாமா. அக்காவும் பிள்ளைங்களும் நடுத்தெருவுல நிக்கக் கூடாது. வண்டிய ஓட்டினது நீங்கதான்னு எங்க அப்பாகிட்டகூட நான் சொல்லல."