கல்லுமலை வரை

"இங்க உக்காராத தம்பி, அட்டை ஏறிடும். அடுத்த வளைவுல ஒரு கல்லு இருக்கு, அங்க போலாம்."

தைப்பூசத்துக்காக மலேசிய மலையூரான கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடக்கும் கூட்டம் அது. கியா பார்ம் சந்தையில் காய்கறி விற்கும் திருச்செல்வம், தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர் வீரப்பனோடு வழியில்தான் சேர்ந்துகொண்டான். எல்லாரும் மஞ்சளில் இருக்க, அவர் மட்டும் சாதாரணச் சட்டையில் வந்தார்.

வீரப்பன் சொன்ன இடத்தில் கல் இருந்தது.

"எத்தன வருஷமா நடக்கறீங்கண்ணே?"

"இதான் முதல் தடவ."

"பொய் சொல்லாதீங்கலா! வழியெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீங்க."

வீரப்பன் உள்ளங்காலைத் திருப்பிக் கொப்புளங்களைக் காட்டிச் சிரித்தார். "பழகின காலு இப்படியா இருக்கும்?"

மூன்றாம் நாள் காலை, கோயில் வாசலில் மேளம் கேட்டது. வீரப்பன் ரோட்டின் எதிர்ப்பக்கமே நின்றுவிட்டார்.

"நீ உள்ள போ தம்பி. நான் பஸ் ஏறுறேன்."

"இவ்ளோ தூரம் நடந்து வந்து சாமியப் பாக்காமலா?"

"சம்சாரம் தவறி நாலு மாசம்தான் ஆச்சு. வருஷம் திரும்பாம கோயிலுக்குள்ள போகக் கூடாது."

திருச்செல்வம் தயங்கினான். "அப்புறம் எதுக்குண்ணே நடந்தீங்க?"

"வருஷா வருஷம் அவ நடப்பா. நான் மோட்டார் சைக்கிள்ல தண்ணி கொண்டு பின்னாலயே வருவேன். ஒரு வளைவாவது இறங்கி நடங்களேன்னு கேப்பா. நடந்ததே இல்ல."

காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"கோயிலுக்குத்தான் தீட்டு தம்பி. அவ நடந்த ரோட்டுக்கு ஏது தீட்டு?"