பதினொன்றாம் எண் நாற்காலி

“ஏம்ப்பா நண்டு, கொஞ்சம் தள்ளி நில்லு. நாற்காலி மறையுது.”

மைக் பிடித்த ஆள் சொன்னதும் நண்டு தள்ளி நின்றது. அணியின் சின்னமான அந்த நண்டு வேஷத்துக்குள் இருந்த தாக் யோங்ஹோ, காலி நாற்காலியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். அதன் முதுகில் பதினொன்றாம் எண் சட்டை தொங்கியது. அவருடைய சட்டை.

கொரியாவின் சொக்சோ ஊர்க் கால்பந்து அணி கோப்பை வாங்கி முப்பது வருஷம். ஆட்ட இடைவேளையில் பழைய ஆட்டக்காரர்களை மைதானத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பத்துப் பேர் வந்திருந்தார்கள். பதினொன்றாவது ஆளைத் தேடியும் கிடைக்கவில்லையாம். இடது ஓரத்தில் காற்றாய்ப் பறந்தவரைத் தேடுகிறவர்கள் நண்டுக்குள்ளா கையை விட்டுப் பார்ப்பார்கள்?

ஆட்டத்தை விட்டதும் எல்லாரையும்போல யோங்ஹோவும் சிக்கன் கடை வைத்தார். அந்தத் தெருவில் ஏற்கெனவே ஆறு சிக்கன் கடை. ஏழாவது கடை ஓடவில்லை. ஓடியது அவர்தான், போன் நம்பரை மாற்றிக்கொண்டு. மனைவி புசானில் அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டாள். தெரிந்தவர் கண்ணில் படாத வேலையாகத் தேடியதில் இது அமைந்தது. முகம் தேவையில்லை, பேசவே கூடாது. வாயைத் திறந்தால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும்.

இப்போது தலையைக் கழற்றினால் நாற்காலி கிடைக்கும். ஆனால் சிவப்புக் கொடுக்கோடு போய் உட்கார வேண்டும். ஒரு தட்டில் மானம், மறு தட்டில் பத்து நண்பர்கள். தராசு ஆடிக்கொண்டே இருந்தது.

பழைய கேப்டன் மேங் இல்சூ எழுந்து வந்தார். நண்டைப் பின்பக்கமாகச் சுற்றி இடது கொடுக்கருகே நின்றார்.

“நல்லா ஓடுறப்பா. ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுறியே! வேர்க்குதா?”

நண்டு தலையாட்டியது.

“எங்க பதினொன்னு வரல பாத்தியா. தாய்லாந்துல பெரிய ஆளாயிட்டானாம்.”

“செத்துட்டான்னுல்ல கேள்விப்பட்டேன்?” என்றார் நாற்காலியிலிருந்த கோல்கீப்பர்.

“அவனா? சாவு தொரத்தினாலும் புடிக்க முடியுமாடா அவன?”

பத்துப் பேரும் சிரித்தார்கள். நண்டு மெல்ல மறுபக்கம் திரும்பிக்கொண்டது. மேங் விடவில்லை, சுற்றி வந்து மறுபடி இடது கொடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

“வெக்கங்கெட்ட பய. ஒரு கடைய மூடினதுக்கு ஊரை விட்டு ஓடலாமா? நான் என்ன கோட்டையா கட்டிட்டேன்? குடிச்சவன் காரை அவன் வீட்டுல கொண்டுபோய் விடுற டிரைவர் நான். அந்தக் கோல்கீப்பர், மச்சான் கடையில மீன் கழுவுறான். நாங்க வரலையா?”

“பதினொன்றாம் எண், தாக் யோங்ஹோ!” என்றது மைக்.

காலி நாற்காலிக்குக் கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது. வேஷத்துக்குள் அந்தச் சத்தம், எப்போதும்போல, ஒரு பக்கமாகத்தான் கேட்டது. கண்ணில் இறங்கியது வேர்வைதானா என்று யோங்ஹோவுக்கே தெரியவில்லை. இரண்டு கொடுக்கும் மெல்ல உயர்ந்து நண்டுத் தலையைப் பற்றின.

மேங் சட்டென்று அவற்றைக் கீழே இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

“இங்க கழட்டாத. சின்னப் புள்ளைங்க பாக்குது, பயந்துரும். ஆட்டம் முடிஞ்சதும் பின்வாசலுக்கு வா. பத்துப் பேரும் நிக்கிறோம்.”

நண்டுத் தலை மேங் பக்கம் திரும்பியது.

“என்னடா முழிக்கிற? சும்மாவா சுத்திச் சுத்தி இந்தப் பக்கமே வந்து பேசுறேன்? அந்தப் பக்கத்துக் காதைத்தான் கோப்பை வாங்கின அன்னைக்கு என் முழங்கையால இடிச்சுச் செவிடாக்கிட்டேனே!”