வயிற்றுக்குள் இன்னொரு இதயம்

"கையை எடுய்யா!" என்று வெள்ளை எலி கத்தியது. ஆய்வாளருக்கு அது கீச்சொலிதான். வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, "நன்றாகத் துடிக்கிறது" என்று சொல்லியபடியே எழுதிக்கொண்டு கூண்டை மூடினார்.

நெஞ்சில் சொந்த இதயம் இருக்க, அதன் வயிற்றுக்குள் வேறொரு எலியின் இதயத்தைச் சோதனைக்காகத் தைத்துப் பன்னிரண்டு நாளாயிற்று.

"பிள்ளைத்தாச்சியா நான், வயித்தையே தடவறதுக்கு?" என்று பக்கத்துக் கூண்டுப் பழுப்பு எலியிடம் பொருமியது. "நான் எப்படி இருக்கேன்னு கேட்க ஒரு நாதியில்லை. வந்த இதயத்தை என் உடம்பு ஒதுக்காம இருக்கக் குடுக்கிற அந்த மருந்துத் தண்ணியை இனிமே தொடமாட்டேன். அது உள்ளேயே நின்னு போகட்டும்."

பழுப்பு எலி கம்பியைப் பற்றி எழுந்தது. "நின்னு போகட்டுமா? அது எங்க அக்காவோடதுடீ!"

"என்னை யாராவது கேட்டாங்களா?"

"அவளை மட்டும் கேட்டாங்களா? தினமும் அந்த ஆள் என்ன சொல்றான்னு நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேனே, எதுக்குன்னு நினைச்சே?"

வெள்ளை எலிக்குக் கோபம் ஆறவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே போய் மருந்துத் தண்ணீரை நாலு மடக்குக் குடித்தது. பிறகு திரும்பி வந்து, வயிறு கம்பியில் படும்படி, பழுப்பு எலியின் பக்கமாகச் சாய்ந்து படுத்தது.