எண்பது அறை வீடு

“இண்டைக்கும் கடையிலயா படுக்கை, முனாப்?” என்று கேட்டார் கச்சிமுகம்மது காக்கா.

“ஓம் காக்கா, கள்ளர் பயம்,” என்றபடி தேத்தண்ணியை ஆற்றினான் முனாப்.

அப்போது சைக்கிளில் வந்திறங்கினார் ஜேர்மன் பிரபு ஹார்ட்விக். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் விழுந்த வீடுகளைக் கட்டித்தர கல்முனைக்குடிக்கு வந்தவர். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, ஆறு மாதத்தில் தமிழும் கதைக்கப் பழகிவிட்டார்.

பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“நான் இருந்த வீடு. எண்பது அறை. எங்கள் குடும்பத்துக்கு அறுநூறு வருசப் பெயர். என் பாட்டனார் ராசாவோடு வேட்டைக்குப் போனவர்.”

கோபுரத்தையும் குளத்தையும் கண்டு கடையே வாயைப் பிளந்தது.

“இத உட்டுப்போட்டா துரை, கூடாரத்துல கிடந்து நுளம்புக்கடி படுறீங்க?” என்றார் காக்கா.

பிரபு தேத்தண்ணியை மெல்ல ஊதினார்.

“பெயர்தான் என்னுடையது. வீடு மனைவியுடையது. சண்டை வந்தது. வெளியே போ என்றாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் பக்கம்.”

கடை கொல்லென்று சிரித்தது.

“எங்கட ஊர்லயும் அதுதானே துரை! ஊடு பொஞ்சாதிட சீதனம். கோவம் வந்தா வெளிய போறவன் மாப்புளதான்,” என்றார் காக்கா.

முனாப் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லோரும் எழுந்து போனதும் பிரபுவின் கையைப் பிடித்தான்.

“கூடாரத்த உட்டுப்போட்டு இஞ்ச வாங்க, துரை. ரெண்டு பேரும் கடையிலயே படுப்பம். ஆரும் கேட்டா, கள்ளர் பயமெண்டு சொல்லுங்க. பத்து நாளா ஊரே நம்புது!”