காலால் பிறந்தவள்

சொர்ணக்கிளி பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்தது. அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பதால், ஊரில் பாதிப் பேருடைய முதுகு அவளுடைய இடது காலுக்குத் தெரியும். முப்பத்தாறு வயதாகியும் அவள் கையை மட்டும் யாரும் பிடித்ததில்லை. செங்கல் சூளைக்கு லாரி ஓட்டி வந்த தவசி, மூன்றாவது நாளாக அவள் வாசலில் குப்புறப் படுத்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை மிதித்தாள். கடைசி மிதியில் பாதத்தை எடுக்க மனம் வரவில்லை.

"காலை வெச்சுட்டு அப்படியே தூங்கிட்டீங்களா?" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"வலி இருக்கா?"

"சுத்தமா இல்ல. இன்னைக்கே வண்டியை எடுத்துரலாம்."

வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் காலை நொந்துகொண்டாள்.

சுளுக்கு எடுத்த வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று சொன்னால் வலி திரும்பி வரும். வாய் திறக்காமல் போய்விட வேண்டும் என்று முதல் நாளே அவனிடம் கண்டித்துச் சொல்லியிருந்தாள். தவசி சட்டையை மாட்டிக்கொண்டு படலைத் திறந்தான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி, "போயிட்டு வாரேன்" என்றான்.

திட்டியிருக்க வேண்டும். "வாங்க" என்றாள்.